மலையேறிய நெத்தலி

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலே பெய்கின்ற மழை கடலை நோக்கிப் புறப்படுகின்றது. தேயிலைச் செடிகளின் வேரை நனைத்த நீர் சிற்றோடைகளாய் இறங்கிக் கெகெல்கமு ஓயாவிற் சேர்கின்றது. காசல்ரீ நீர்த்தேக்கத்திலே சிறிது தங்கிச் செல்கின்றது. பின்னர் மஸ்கெலி ஓயாவுடன் கலந்து, களனி கங்கை என்னும் பெயர் பெற்று, கொழும்புக்கு வடக்கே கடலை அடைகின்றது. மலையிலிருந்து கடலுக்குச் செல்லும் வழி இது. கடலிலிருந்து மலைக்கு ஏறிவரும் வழியும் ஒன்று உண்டு. அவ்வழியே தலைமுறை தலைமுறையாக மலையேறி வந்துகொண்டிருக்கும் பொருள்களுள் மிகச் சிறியது ஒரு மீன். மூன்று நான்கு அங்குலத்திற்கு மேற்படாத அம்மீனுக்கு ஈழத்திலே நெத்தலி என்று பெயர். தமிழகத்தார் நெத்திலி என்பர். சிங்கள மக்கள் ஹால்மெஸ்ஸோ என்பர். மலைநாட்டுத் தோட்டங்களின் சமையலறையிலே உப்புக்கும் மிளகாய்க்கும் அடுத்தபடியாக இடம்பெற்றது இதுவே எனலாம்.

பொகவந்தலாவை நுவரெலியா மாவட்டத்திலே, கடல் மட்டத்திற்கு 4,000 அடிக்கு மேல் அமைந்த ஊர். சுற்றிலும் தேயிலை மலைகள் சூழ்ந்த இப்பள்ளத்தாக்கைத் தேயிலை வணிகர் பொற்பள்ளத்தாக்கு என்று புகழ்வதுண்டு. இங்குள்ள புனித மரியாள் ஆலய முற்றத்திலே இரண்டு கல்லறைகள் இருக்கின்றன. ஒன்று, ஒளிப்படக் கலையிலே உலகப் புகழ் பெற்றவரும் 1879ஆம் ஆண்டில் மறைந்தவருமான ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாருடையது. மற்றொன்று, அவர் கணவரும், 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் – கேமரன் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்தவருள் ஒருவருமான சார்ல்ஸ் ஹே கேமரனுடையது. அவ்விருவரின் வரலாறு நூல்களிலே நிறைய உண்டு. அவர்கள் காலத்திலேயே இம்மலைகளிற் காடு வெட்டி, குழி வெட்டி, கன்று நட்ட தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலோருக்கோ கல்லறையும் இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை. அம்மக்களின் வரலாற்றை அறிய முற்படுவோர் அவர்களுடைய உலைப் பானையையும் குழம்புச் சட்டியையும் பார்த்தல் வேண்டும். அச்சட்டியிலே நெத்தலி கிடக்கின்றது.

நெத்தலி என்பது ஒரே இனமன்று. இந்து சமுத்திரத்தின் கரையோர நீரிலே வாழும் பல சிற்றினங்களுக்கு அது பொதுப் பெயர். விலங்கு நூலார் இவற்றை ஸ்டொலெபோரஸ், என்கிராசிகோலினா என்னும் இரு பேரினங்களுள் அடக்குவர். கண்ணாடி போன்ற உடல். விலாவின் நெடுகிலும் வெள்ளிப் பட்டி ஒன்று. மூக்கு நுனிக்குக் கீழே கண்ணையும் தாண்டிப் பிளந்த பெரிய வாய். இவ்வடையாளங்களால் இதனை எளிதில் இனங்காணலாம். வாய் பெரிதேயாயினும் இரை மிகச் சிறிது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுள் முட்களாலே சல்லடைபோல் அரித்து உண்டு இது வாழ்கின்றது.

இதன் வாழ்நாளும் குறுகியதே. பெண் மீன் கடல்நீரிலே முட்டைகளைச் சிதறிவிடுகின்றது. பெரும்பாலான மீன்களின் முட்டை உருண்டையாயிருக்க, நெத்தலியின் முட்டை நீள்வட்டமாய், சிறு நெல்மணியை நினைவூட்டும் வடிவிலே இருக்கும். வெப்பக் கடலின் சூட்டிலே ஏறக்குறைய ஒரு நாளில் அது பொரிந்துவிடும். வெளிவரும் குஞ்சு இரண்டு மூன்று நாள் தன் வயிற்றிலுள்ள மஞ்சட்கருவை உண்டு வாழும். பின்னரே வாய் திறந்து இரை தேடும். சில வாரங்கள் நிறமற்ற இழைபோல நீந்தித் திரிந்து, பிறகு செதிலும் வெள்ளிப் பட்டியும் பெற்றுக் கூட்டத்திற் சேரும். பிறந்த ஓராண்டுக்குள்ளேயே முட்டையிடும் பருவம் வந்துவிடும். ஒரே தடவையில் அன்றி, சிறிது சிறிதாகப் பல தடவை முட்டையிடுவது இதன் இயல்பு. ஓரிரு ஆண்டுக்கு மேல் இது வாழ்வதில்லை, வாழ விடுவாருமில்லை. சூரை, பாரை, அறுக்குளா, கணவாய், கடற்பறவை ஆகிய அனைத்துக்கும் நெத்தலியே இரை. இத்துணை பகைவரிடையே இவ்வினம் அழியாது நிற்பதற்கு அதன் பெருக்கமும் விரைந்த வளர்ச்சியுமே காரணம். பருவக்காற்றினால் கடல் கலங்கி நுண்ணுயிர் பெருகும் ஆண்டிலே நெத்தலியும் பெருகும். அஃது அருகும் ஆண்டிலே வலையும் வெறுமையாகும்.

கரையை அண்டிக் கூட்டமாய் வரும் இம்மீனைப் பிடிப்பதற்குக் கரைவலை பழமையான கருவி. தோணியிலே வலையை ஏற்றிச் சென்று, கடலிலே அரைவட்டமாக வளைத்து விட்டு, இரு தலைக் கயிறுகளையும் கரைக்குக் கொண்டுவருவர். இரு பக்கமும் ஆட்கள் நின்று, அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஏற்ப மணிக்கணக்காக இழுப்பர். வலையின் நடுவிலுள்ள மடி கரையேறும்போது அதனுள்ளே வெள்ளியை உருக்கி ஊற்றினாற்போல நெத்தலி மின்னும். வலைக்கு உரியவர் சம்மாட்டி எனப்படுவார். விற்ற பணத்திலே அவருக்கும் இழுத்தவர்க்கும் பங்கு உண்டு.

இலங்கையின் இரு கரைகளையும் இரு பருவக்காற்றுகள் மாறி மாறி ஆள்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே மேற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது முல்லைத்தீவு, திருகோணமலை முதலிய கிழக்குக் கரைகள் அமைதியாயிருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது நிலைமை மாறும். ஆதலால் நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய இடங்களைச் சேர்ந்த மீனவர் பருவத்திற்கேற்பக் கரை மாறிச் செல்வது நெடுநாள் வழக்கம். சென்ற இடத்திலே அவர்கள் ஓலையால் அமைக்கும் தற்காலிகக் குடியிருப்புக்கு வாடி என்று பெயர். மீன் கருவாடாவது அவ்வாடிகளிலேயாம்.

மீனை வெயிலிலே காயவைத்துச் சேமிக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. சங்கச் செய்யுள்களின் நெய்தற் காட்சிகளிலே, மணலில் உலரும் மீனைக் கவரவரும் பறவைகளை மகளிர் ஓட்டும் செயல் மீண்டும் மீண்டும் வருகின்றது. கடற்கரையின் உப்பை உமணர் வண்டியேற்றி உள்நாடு கொண்டுசென்றமையும், பரதவர் மகளிர் மீனைக் கொடுத்து நெல்லைப் பெற்றமையும் அச்செய்யுள்களால் அறியப்படும். கடல் விளைவு உள்நாட்டுக்கும், உள்நாட்டு விளைவு கடற்கரைக்கும் மாறிச் செல்லும் வாணிகம் அத்துணைத் தொன்மையானது. 14ஆம் நூற்றாண்டிலே மாலைதீவிற் சில காலம் வாழ்ந்த இபுனு பதூதா என்னும் மொரொக்கோ நாட்டுப் பயணி, அத்தீவினர் மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தி, இந்தியா, சீனம், ஏமன் ஆகிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ததை எழுதிவைத்திருக்கின்றார். சூரை மீனிலிருந்து செய்யப்படும் அப்பண்டமே இன்று ஈழத்தார் சம்பலிலும் கறியிலும் இடித்துப் போடும் மாசி.

நெத்தலியைக் கருவாடாக்குவதற்கு அத்துணை வேலை இல்லை. பெரிய மீனைப் போலக் கீறவோ குடல் நீக்கவோ வேண்டுவதில்லை. பிடித்த மீனைக் கழுவி, பாயிலோ வலையிலோ மணலிலோ பரப்பிவிட்டால் நல்ல வெயிலில் ஓரிரு நாளில் உலர்ந்துவிடும். சில இடங்களில் உப்பு நீரிலே அவித்துப் பின் உலர்த்துவர். பச்சை மீனின் எடையில் ஏறக்குறைய முக்காற்பங்கு நீரே. அந்நீர் போனபின் எஞ்சுவது இலேசானது, சாக்கிலே கட்டலாம், வண்டியில் ஏற்றலாம், பல வாரம் வைத்திருக்கலாம். மலைநாட்டின் வரலாற்றிலே நெத்தலிக்கு இடம் கிடைத்தது இக்குணங்களினாலேயே.

கண்டிச் சீமையிலே கோப்பித் தோட்டங்கள் பெருகிய 1830களுக்குப் பின்னர், தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வந்தனர். தோணியிலே பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். நீரின்மையாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டவர் பலர். அவர்கள் இறங்கிய மன்னார்க் கரையே கருவாட்டுக்கும் பேர்போன கரை என்பது கருதத்தக்கது. பிற்காலத்திலே, 1914ஆம் ஆண்டில், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிய பின்னர், புகையிரதமும் கப்பலுமாக அவ்வழி இணைக்கப்பட்டது.

1869ஆம் ஆண்டிலே கோப்பி இலையில் துருநோய் தோன்றியது. அடுத்த இருபதாண்டுக்குள் கோப்பி அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பற்றியது. லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் பயிரிட்ட தேயிலை, டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய மேல்நிலங்களையும் மூடியது. கண்டிக்கு 1867ஆம் ஆண்டிலும் நாவலப்பிட்டிக்கு 1874ஆம் ஆண்டிலும் வந்த புகையிரதம், 1884ஆம் ஆண்டிலே அட்டனை அடைந்தது. அதற்கு முன்னர் அரிசியும் உப்பும் கருவாடும் மாட்டுவண்டியிலும் தலைச்சுமையிலும் மலையேறவேண்டியிருந்தது. புகையிரதம் வந்த பின்னர்க் கொழும்புப் புறக்கோட்டையின் மொத்த வியாபாரிகளிடமிருந்து சாக்கு மூட்டைகள் அட்டனில் இறங்கி, அங்கிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக் கடைத்தெருவைச் சேர்ந்தன. தேயிலைப் பெட்டி இறங்கிய பாதையிலேயே நெத்தலி மூட்டை ஏறியது.

பச்சை மீன் ஏன் மலையேறவில்லை? வெப்ப நாட்டிலே பிடித்த மீன் சில மணி நேரத்தில் கெடும். பனிக்கட்டியிட்டு விரைந்து கொண்டுவரப்படும் மீனின் விலையோ கூலியாளின் கைக்கு எட்டாதது. மலைநாட்டு ஓடைகளிலும் மீன் இருந்தது. 1880களிலே நுவரெலியாப் பகுதி நீரோடைகளில் ஐரோப்பாவிலிருந்து திரவுட் மீனின் முட்டைகளைக் கொணர்ந்து வளர்த்தனர். அது துரைமார் தூண்டிலிட்டு விளையாடுவதற்காக. தொழிலாளரின் சட்டிக்கு வந்த மீன், நூறு கல்லுக்கு அப்பாலிருந்து காய்ந்து வந்த மீன்தான்.

தொழிலாளரின் உணவு அவர்களுடைய கூலியோடு பிணைக்கப்பட்டிருந்தது. தோட்டத்திலே அரிசி வழங்கப்படும். அதன் விலை கூலியில் கழிக்கப்படும். நாட்கூலியைத் தோட்டத்தார் பேர் என்பர். காலைப் பிரட்டுக்குப் பிந்தியவருக்கும் குறித்த அளவு கொழுந்து பறியாதவருக்கும் அரைப் பேரே கிடைக்கும். 1927ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், கூலியின் கீழெல்லையையும், குறித்த விலைக்கு அரிசி வழங்கும் கடமையையும் வரையறுத்தது. எனினும் சோற்றுக்கு வேண்டிய கறிச் சாமான் அவரவர் பொறுப்பு. மிளகாய், கொத்தமல்லி, புளி, தேங்காய், கருவாடு ஆகியவற்றைக் கடையிலே கடனுக்கு வாங்கிச் சம்பள நாளன்று தீர்ப்பதே வழக்கம். கால் இறாத்தல் நெத்தலி ஒரு குடும்பத்துக்குப் பல வேளைக்கு வரும். பெரிய மீனின் கருவாட்டைத் துண்டாக்கிப் பங்கிடும்போது பெரியவர்க்கு ஒன்று, சிறியவர்க்கு ஒன்று என்னும் வேறுபாடு எழும். நெத்தலியையோ எண்ணிப் பங்கிடலாம். ஏழைக் குடும்பத்திலே இதுவும் ஒரு வசதியே.

சமைக்கும் முறையும் எளியது. தலையைக் கிள்ளி எறிந்து, வெந்நீரிலே சிறிது ஊறவைத்து, மணலும் மிகையான உப்பும் போகக் கழுவுவர். வெங்காயமும் காய்ந்த மிளகாயும் சேர்த்து மொறுமொறுவென்று பொரித்தால் அது சோற்றுக்கும் ரொட்டிக்கும் துணை. புளி கரைத்து, கத்தரிக்காயோ உருளைக்கிழங்கோ இட்டுக் காய்ச்சினால் நெத்தலிக் குழம்பு. வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கீரையோடும் வாழைக்காயோடும் அதனைச் சேர்ப்பர். கடற்கரையில் வாழ்வோர் பச்சை நெத்தலியைத் தேங்காய்ப்பாலிற் சொதியாக வைப்பர். அச்சுவை மலைக்கு எட்டியது அரிது. மலையிலே மழையும் மூடுபனியும் மிகுதி. கருவாடு ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே அடுப்புக்கு மேலே, விறகுப் புகை படும் இடத்திலே அதனைக் கட்டித் தொங்கவிடுவர். லயக் காம்பராவின் கரி படிந்த கூரையின் கீழே தொங்கும் அச்சிறு பொட்டலம், சம்பளம் வரும்வரையில் அக்குடும்பத்தின் கையிருப்பு.

இவ்வெளிய உணவின் பயன் எளியதன்று. காய்ந்த நெத்தலியின் எடையிலே பாதிக்கு மேற்பட்ட பங்கு புரதம். அதனை முள்ளோடு மென்று உண்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கின்றது. பாலும் முட்டையும் இறைச்சியும் நாள்தோறும் வாங்க இயலாத வீட்டிலே, மலையேறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் தாய்க்கும் அவள் குழந்தைக்கும் இச்சத்து இன்றியமையாதது. ஆதலால் நெத்தலியின் விலை ஏறியபோதெல்லாம் தோட்டத்துக் குழந்தையின் உடல் அதன் விளைவை ஏற்றது.

அவ்வாறு ஏறிய காலங்கள் பல. 1942ஆம் ஆண்டிலே பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கையிலே உணவுப் பங்கீடு வந்தது. அரிசி குறைய, கோதுமை மா தோட்டங்களிலே பெருகியது. மாவைப் பிசைந்து தட்டிச் சுட்ட ரொட்டியும், காரமான சம்பலும், ஒரு கைப்பிடி நெத்தலியும் தொழிலாளரின் வேளை உணவாயின. போர் முடிந்த பின்னரும் ரொட்டி நீங்கவில்லை.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியா அனுப்பப்பட்டனர். பாட்டன் வந்திறங்கிய தலைமன்னார்க் கரையிலேயே பேரன் கப்பலேறினான். மலையிலே எஞ்சியோரை 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சம் வாட்டியது. உலகச் சந்தையிலே உணவுப் பொருளின் விலை ஏறியது; அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது; பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தன. கிராமத்தாருக்கு ஒரு துண்டு வயலாவது ஒரு பலாமரமாவது இருந்தது. தோட்டத்தாருக்கோ நின்ற நிலமும் சொந்தமில்லை. தோட்டப் பகுதியிலே இறப்பு விகிதம் கடுமையாக உயர்ந்தமையை அக்காலப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. வரலாற்றாசிரியர் இதனை ஒரு சில வரிகளிலே கடந்துவிடுவதுண்டு. அனுபவித்த குடும்பங்கள் மறக்கவில்லை.

பின்னர் 1983ஆம் ஆண்டு தொடங்கி 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போர், வடக்கு கிழக்குக் கடல்களிலே மீன்பிடித்தலைக் கட்டுப்படுத்தியது. வாடிகள் வெறிச்சோடின. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, எஞ்சிய வலைகளையும் தோணிகளையும் அள்ளிச் சென்றது. நாட்டின் தேவைக்கு உள்நாட்டு நெத்தலி போதாமையால், தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து காய்ந்த நெத்தலி பெருமளவில் இறக்குமதியாகின்றது. பொகவந்தலாவைக் கடையிலே நிறுத்துக் கொடுக்கப்படும் நெத்தலி, மன்னார்க் கடலினதாகவும் இருக்கலாம்; சீயக் குடாவினதாகவும் இருக்கலாம். எனவே அதன் விலை அந்நியச் செலாவணியின் போக்கோடு பிணைந்துவிட்டது. 2022ஆம் ஆண்டிலே அந்நியச் செலாவணி வற்றியபோது, செப்டெம்பர் மாதத்தில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 90ஐக் கடந்தது. தேயிலையை விற்று நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவரின் வீட்டிலேயே, அதன் பற்றாக்குறையால் குழம்புச் சட்டி வறண்டது.

இக்குறை ஓர் ஆண்டில் தோன்றியதன்று. 2016ஆம் ஆண்டின் மக்கட்டொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். தோட்டப் பகுதியிலே அத்தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 32. நாட்டின் சராசரியிலும் ஏறக்குறைய இருமடங்கு. ஒரு கைப்பிடி நெத்தலி மட்டும் இதனைத் தீர்த்துவிடாது என்பது உண்மையே. நல்ல கூலி, சொந்த நிலம், தூய நீர், தாயின் உடல்நலம் ஆகிய அனைத்தும் வேண்டும். ஆயினும், உள்ளூர்க் கடலில் விளைந்து, முள்ளும் வீணாகாது உண்ணத்தக்க ஒரு மீன், தேவைப்படும் குழந்தைக்குக் கட்டுப்படியான விலையிலே கிடைக்கச் செய்வது அரிய காரியமன்று.

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபவனி நடைபெற்றது. முன்னோர் நடந்த பாதையிலே பின்னோர் நடந்தனர். அந்நெடும் பாதையின் ஒரு முனையிலே கடல். அதற்கப்பால் தேயிலை மலை. மன்னார்க் கரையிலே இன்றும் நெத்தலி வெயிலில் உலர்கின்றது. பொகவந்தலாவையிலே மாலை வேளையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண், கடைத்தெருவிலே அதன் விலையைக் கேட்டு, கையிலுள்ள காசை எண்ணிப் பார்த்து, வாங்குவதா விடுவதா என்று ஒரு கணம் நிற்கின்றாள்.